பாடத்திட்டத்தில் மகள் இல்லை

முதுமையில் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பைப் பற்றித் தன் குடிமக்களுக்குப் போதுமான அளவு தெரியவில்லை என்று அமெரிக்க அரசு 2005 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், அதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்பது அதையொட்டிய அடுத்த முடிவு. அந்த ஆண்டு ஜனவரியில் ஆர்கன்சா, ஐடஹோ, நெவாடா, நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் ‘ஓன் யுவர் ஃபியூச்சர்’ என்ற பிரச்சாரம் தொடங்கியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மாநில ஆளுநரின் கையெழுத்தோடு கடிதம் போனது. (ஆளுநர் என்றால் நம் ஊர் ராஜ்பவன் ஆளுநர் அல்ல, தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்.) பராமரிப்புச் செலவுக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள், இலவசக் கையேடு வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள் என்றது கடிதம். பின்னர் இன்னும் பல மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. தனியார் நிறுவனங்கள் விற்கும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு அந்தத் திட்டமிடலின் முக்கியமான வழியாகக் காட்டப்பட்டது.

அந்தப் பெயரிலேயே எனக்கு ஒரு உறுத்தல். உன் எதிர்காலத்தை உனக்குச் சொந்தமாக்கிக்கொள் என்கிறார்கள். வீட்டையும் காரையும் சொந்தமாக்கிக்கொள்வது போல முதுமையையும் ஆக்கிக்கொள்ளலாமாம். ஆனால் கை நடுங்கும்போது டம்ளரைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது?

இந்தக் கேள்விக்கு அரசிடமே பதில் இருந்தது. இன்று 65 வயதாகும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.7 ஆண்டுகள் பராமரிப்பு தேவைப்படும், ஆணுக்கு 2.2 ஆண்டுகள் என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் இணையதளமே சொல்லிவந்தது. கணவன் முன்னால் போகிறான். அவனுடைய கடைசி வருஷங்களை மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவள் விழும்போது பார்த்துக்கொள்ளக் கணவன் இல்லை, மகள் வருகிறாள், மகள் இல்லாவிட்டால் மருமகள். கூலியில்லாமல் வீட்டில் நடக்கும் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பெண்கள். நீண்டகாலப் பராமரிப்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாதது அறிவு அல்ல. பணம் இல்லை, நேரம் இல்லை, மாற்றிவிட ஆள் இல்லை.

நுகர்வோர் கல்விக்கே நான் எதிரி அல்ல. நியூ ஜெர்சியில் என் கவுன்டி நூலகத்தில் மாதம் இருமுறை உட்கார்ந்து, மருத்துவக் காப்பீட்டுத் தாள்களோடு வரும் முதியவர்களுக்கு அவற்றைப் படித்துச் சொல்கிறேன். கல்விக்குச் செலவிடுவது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதைப் பாடமாக வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் என் சண்டை.

அதற்கு முன் அமெரிக்க ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 65 வயதானவர்களுக்கு மெடிக்கேர் என்ற பொதுக் காப்பீடு இருக்கிறது. குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாகக் கிடந்தால், அதன்பின் செவிலியர் பராமரிப்பு இல்லத்தில் அதிகபட்சம் நூறு நாட்களுக்கு அது உதவும். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் வருஷக்கணக்கில் ஆள் வேண்டுமென்றால் உதவாது. அதற்குப் பணம் கொடுப்பது மெடிக்கெய்ட். ஆனால் அது ஏழைகளுக்கானது. பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளின் சேமிப்பு 2,000 டாலருக்குள் வந்தால்தான் கதவு திறக்கும். நடுத்தரக் குடும்பம் உள்ளதையெல்லாம் கரைத்து ஏழையாகி அந்த வாசலுக்கு வந்து நிற்கிறது. இறந்தபின் மிச்சமிருக்கும் சொத்திலிருந்து செலவை மீட்க வேண்டும் என்று 1993இலிருந்து சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

2006 பிப்ரவரியில் கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம்தான் (பெயரில் 2005 என்று இருக்கும்) இந்தக் கல்விக்கு நிதி கொடுத்தது. நீண்டகாலப் பராமரிப்புத் தகவல்களுக்கான தேசிய மையம் ஒன்றை அமைக்க 2006 முதல் 2010 வரை ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலர். மாணவிகள் யாரேனும் ஆய்வுக்கு ஒரு பிரதி தேடிக்கொண்டிருந்தால் இந்தச் சட்டப்பிரிவை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது. மையம் என்ன செய்ய வேண்டும்? மெடிக்கெய்ட் எதைத் தரும், எதைத் தராது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். காப்பீடு வாங்குவதா, அல்லது தனியார் சந்தையில் உள்ள பிற வழிகளை நாடுவதா என்று அவர்கள் முடிவெடுக்கப் பக்கச்சார்பற்ற தகவல் தர வேண்டும். எந்த ஒரு நிறுவனத்துக்கும் பரிந்து பேசக் கூடாது.

இந்தப் பக்கச்சார்பின்மையைக் கவனியுங்கள். இந்தக் கடையா அந்தக் கடையா என்பதில் பக்கச்சார்பு கூடாதாம். கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டுமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. தெரிவுகள் இரண்டு: காப்பீடு, இல்லையென்றால் சந்தையில் இன்னொன்று. இதே சட்டம் மெடிக்கெய்ட் வாசலையும் இறுக்கியது. சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கிறார்களா என்று முன்பு மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் இனி ஐந்து ஆண்டுக் கணக்கைப் பார்ப்பார்கள் என்றது. ஒரு பிரிவில் பொது உதவியைக் குறுக்கிவிட்டு, இன்னொரு பிரிவில் தனியார் சரக்கைப் பற்றிப் பாடம் எடுக்க நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். பாடத்தின் நோக்கம் மெடிக்கெய்ட் செலவைக் குறைப்பது. அதை மறைக்கவும் இல்லை, சட்டத்தின் பெயரே அதுதான்.

சரி, சரக்காவது நல்ல சரக்கா? இந்தக் காப்பீட்டின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு கணக்குப் பிழை. ஆயுள் காப்பீட்டில் நம் ஊரிலும் பார்த்திருப்போம், பாதியில் பிரீமியம் கட்டாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்கள் கட்டிய பணம் நிறுவனத்துக்கு லாபம். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை 1980களிலும் 90களிலும் விலை வைத்து விற்றவர்கள், ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கைந்து பேர் பாலிசியைக் கைவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கைவிட்டது ஏறத்தாழ ஒருவர்தான். மக்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள், உண்மையிலேயே பராமரிப்பு தேவைப்பட்டு கிளெய்ம் கேட்டார்கள். வட்டி விகிதமும் விழுந்தது. நிறுவனங்கள் திண்டாடின.

இதை எப்படிப் படிப்பது? வாங்கியவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்பதை நம்பி விலை வைத்த பண்டம் இது. விட்டுவிட்டுப் போகாமல், தவணை தவறாமல் கட்டி, எண்பத்தைந்து வயதில் வந்து உரிமையைக் கேட்ட கிழவி அந்தக் கணக்கில் ஒரு பிழையாகிவிட்டாள். அந்தக் கிழவிக்குத் தகவல் போதவில்லை என்று சொல்ல முடியுமா? அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள்.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விற்ற காப்பீட்டை இன்று ஏறக்குறைய ஒரு டஜன் நிறுவனங்களே விற்கின்றன. மெட்லைஃப் 2010இல் புதிய விற்பனையை நிறுத்தியது. புருடென்ஷியல் 2012இல் தனிநபர் பாலிசிகளை நிறுத்தியது. பென் ட்ரீட்டி என்ற நிறுவனத்தைக் கலைக்க 2017 மார்ச்சில் பென்சில்வேனியா நீதிமன்றம் உத்தரவிட்டபோது அதில் சுமார் 76,000 பேர் பாலிசி வைத்திருந்தார்கள். மிஞ்சிய நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின, மீண்டும் ஏற்றின. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வருமானம் ஒரே மட்டத்தில் நிற்கும் வயதில் அந்த உயர்வு வருகிறது. கட்டு, இல்லையென்றால் பலனைக் குறைத்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு. இத்தனை ஆண்டு எதிர்பார்த்த கைவிடல் இப்படித்தான் கடைசியில் அவர்களுக்குக் கிடைக்கிறது.

கல்வி இருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்க மத்திய அரசு தன் சொந்த ஊழியர்களுக்காக 2002இல் ஒரு குழுக் காப்பீட்டைத் தொடங்கியது. வாங்கியவர் சாமானியர் அல்ல. நிபுணர்களும் வழக்கறிஞர்களும் பேரம் பேசும் பலமும் உள்ள அரசு அது, உலகத்திலேயே தகவல் நிறைந்த நுகர்வோர் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 2016இல் அந்த ஊழியர்களின் பிரீமியம் சராசரியாக 83 சதவீதம் ஏறியது. 2022 டிசம்பரில் புதிய விண்ணப்பங்களே நிறுத்திவைக்கப்பட்டன. தனக்கே சரியாக வாங்கத் தெரியாத ஒன்றை ஐம்பது வயதுக்காரர்களுக்குக் கடிதம் போட்டுக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் இவர்.

பெண்களுக்கான விலை தனிக் கதை. 2013இல் ஜென்வொர்த் நிறுவனம் தனித்து விண்ணப்பிக்கும் பெண்களிடம் அதே வயது ஆணைவிட அதிகம் வசூலிக்கத் தொடங்கியது. மற்றவையும் பின்தொடர்ந்தன. கிளெய்மாகப் போகும் ஒவ்வொரு மூன்று டாலரிலும் இரண்டு பெண்களுக்குப் போகிறது என்பது சொல்லப்பட்ட நியாயம். கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு டாலர் ஏன் போகிறது? கணவனை வீட்டில் வைத்து மனைவி பார்த்துக்கொள்வதால் அவன் பெயரில் கிளெய்ம் குறைகிறது. அவளுடைய கூலியில்லா உழைப்பு அவனுடைய பாலிசியை மலிவாக்கி அவளுடையதை விலையேற்றுகிறது. தேசியப் பெண்கள் சட்ட மையம் இதைப் பாலினப் பாகுபாடு என்று 2014 ஜனவரியில் மத்திய அரசிடம் புகார் கொடுத்தது. ஆணைவிடக் குறைந்த சம்பளம், குழந்தைக்காக விட்ட வருஷங்களால் குறைந்த ஓய்வூதியம், கூடுதல் பிரீமியம். இந்தக் கூட்டலை எந்த இலவசக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

நூலகத்தில் ஒருமுறை ஒரு தமிழம்மா வந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. ஏஜென்ட் கொடுத்த வண்ணப் பிரசுரத்தைப் பர்ஸில் நான்காக மடித்து வைத்திருந்தார். குடும்பத்துக்குப் பாரமாக இருக்காதீர்கள் என்பது அந்தப் பிரசுரத்தின் சாரம்.

“ஏம்மா, என் பொண்ணு என்னைப் பார்த்துக்கிட்டா அவளுக்கு இதுல காசு குடுப்பாங்களா?”

“நிறைய பாலிசியில குடுக்க மாட்டாங்கக்கா. ஏஜென்சியில இருந்து வர்ற ஆளுக்குத்தான் குடுப்பாங்க. இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கு.”

“அந்த ஆளு வர்றப்ப கதவு தொறக்க, என்ன செய்யணும்னு சொல்ல, அது வராத அன்னைக்கு ஓடிவர, என் பொண்ணுதானே வேணும்?”

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடத்திட்டத்தின் ஓட்டை தெரிகிறது. பிரசுரம் மகளைப் ‘பாரம் சுமப்பவள்’ என்று மட்டும் குறிப்பிட்டு, பாலிசி வந்ததும் அவள் மறைந்துவிடுவதாகக் காட்டுகிறது. அவள் மறைவதில்லை. கிளெய்ம் படிவம் நிரப்புவதும், குளிப்பது, உடுப்பது, உண்பது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் இரண்டையாவது அம்மாவால் செய்ய முடியவில்லை என்று நிரூபிப்பதும், முதல் தொண்ணூறு நாள் காத்திருப்புக் காலத்தை எப்படியாவது ஓட்டுவதும் அவள் வேலை.

ஏஜென்சியிலிருந்து வரும் பெண்ணும் பாடத்தில் இல்லை. ‘ஓன் யுவர் ஃபியூச்சர்’ கடிதங்கள் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஈவ்லின் கோக் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் முதியவர்களை அவர்கள் வீட்டில் பராமரித்துவந்த தொழிலாளி அவர். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்டார். முதியவர்களுக்குத் ‘துணையாக இருப்பவர்களை’ அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிய 1970களின் விதி செல்லும் என்று 2007 ஜூனில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2009இல் அவர் இறந்துபோனார். விதியை மாற்ற அரசு முடிவெடுத்தது 2013இல், அது நடைமுறைக்கு வந்தது 2015இல். முதியவரைத் தூக்கி உட்காரவைப்பது துணையாக இருப்பது மட்டும்தானாம். நுகர்வோருக்கு மணிக்கு இத்தனை டாலர் செலவாகும் என்று கற்பித்தவர்கள், அந்தத் தொகை ஏன் அந்த அளவிலேயே நிற்கிறது, யார் வயிற்றில் அடித்து நிற்கிறது என்று கற்பிக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் வடிவமைத்த ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. பிரீமியம் உங்கள் வருமானத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போனால் இது உங்களுக்குக் கட்டுப்படியாகாமல் இருக்கலாம் என்றும், வீடு நீங்கலாக உங்கள் சொத்து 30,000 டாலருக்குக் கீழே என்றால் வேறு வழி பாருங்கள் என்றும் அது சொல்கிறது. வாங்காதே என்று சொல்லும் துணிவுள்ள பாடம் அது ஒன்றுதான். ஆனால் அதை உங்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் விற்கவந்த ஏஜென்ட். நான் உட்காரும் இலவச ஆலோசனைத் திட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. எந்தக் காப்பீட்டையும் விற்காத, கமிஷன் வாங்காத ஆட்கள் எதிரே உட்கார்ந்து பேசுவதுதான் அதன் பலம். நாடு முழுவதற்கும் மத்திய அரசு அதற்குத் தருவது ஆண்டுக்குச் சுமார் ஐந்து கோடி டாலர். 2016இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதை அடியோடு வெட்டும் மசோதாவை ஏற்றது. எதிர்ப்பு வந்து தப்பித்தது. அந்தப் பணமும் போதாமல்தான் எங்களைப் போன்ற தன்னார்வலர்களை வைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் மேசையில் என்னோடு உட்காருபவர்கள் அத்தனை பேரும் பெண்கள், பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பராமரிப்பைப் போலவே பராமரிப்பைப் பற்றிய கல்வியும் கூலியில்லா வேலையாகிவிட்டது.

ஜப்பானில் இதே கல்வி தலைகீழாக நடந்தது. ஹிகுச்சி கெய்கோவும் தோழிகளும் 1983இல், முதுமைச் சமூகத்தை மேம்படுத்துவதற்கான பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு தேய்ந்துபோகும் மருமகள்களின் அனுபவத்தை மேடையேற்றிப் பேசினார்கள். அங்கே பாடம் கற்றுக்கொண்டது அரசு. 1997இல் சட்டம் வந்து 2000 ஏப்ரலில் கட்டாயப் பொதுப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதானவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள், பாதிச் செலவு வரிப்பணத்திலிருந்து வருகிறது. குடும்பத்துக்கு ரொக்கம் கொடுக்கலாமா என்ற விவாதத்தில் பெண்ணியவாதிகள் பலர் கூடாது என்றார்கள். கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து மருமகளை அதே கட்டிலோரத்தில் கட்டிப்போடுவார்கள் என்று அஞ்சினார்கள். ஜெர்மனி 1995இல் தொடங்கிய காப்பீட்டில் ரொக்கமும் உண்டு, வீட்டில் பராமரிப்பவருக்கு ஓய்வூதியப் பங்கும் உண்டு. எனக்கு ஜெர்மன் வழியில்தான் சாய்வு. ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தந்தால் மட்டும். ஜப்பானியத் தோழிகளின் அச்சத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கும்.

அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மாநிலம் வேறு வழியில் இறங்கியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2019இல் சட்டம் போட்டு, 2023 ஜூலையிலிருந்து எல்லோர் சம்பளத்திலும் 0.58 சதவீதம் பிடிக்கிறது. தகுதி பெற்றவருக்கு வாழ்நாளில் 36,500 டாலர் வரையிலான பராமரிப்பு. பலன்கள் தொடங்கச் சட்டம் குறித்த மாதம் 2026 ஜூலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம், சர்க்கரை உண்டா என்று கேள்வி இல்லை. நூலகத்துக்கு வந்த அக்காவின் கேள்விக்கு இங்கே பதில் ஆம்: மகள் பார்த்துக்கொண்டால் மகளுக்குக் கூலி கொடுக்கலாம். தனியார் காப்பீட்டை 2021 நவம்பர் 1க்கு முன் வாங்கியவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஓர் ஓட்டை விட்டார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அதன் வழியே வெளியேறினார்கள். சம்பளம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம் தரும் வெளியேற்றம் அது. 2024 நவம்பரில் விருப்பமிருந்தால் மட்டும் கட்டலாம் என்று மாற்றக் கேட்ட வாக்கெடுப்பை மக்கள் தோற்கடித்தார்கள். கட்டாயம் போனால் நலமாக இருப்பவர்களும் பணமுள்ளவர்களும் விலகிவிடுவார்கள், நிதி நிற்காது என்று அந்தப் பிரச்சாரத்தில் விளக்க வேண்டியிருந்தது. நுகர்வோர் கல்வி என்றால் அது.

ஆனால் அங்கேயும் தகுதி என்பது சம்பளத்துக்குச் செய்த வேலையின் கணக்கு. ஆண்டுக்குக் குறைந்தது 500 மணி நேரம் வேலை செய்து பிரீமியம் கட்டியிருந்தால்தான் அந்த ஆண்டு சேரும், முழுத் தகுதிக்கு அப்படிப் பத்து ஆண்டுகள் வேண்டும். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மகள், தாயின் கணக்கிலிருந்து கூலி வாங்காவிட்டால் அல்லது தாய்க்கு அந்தக் கணக்கே இல்லாவிட்டால், கட்டிலருகே எத்தனை ஆயிரம் மணி நேரம் நின்றாலும் அவளுடைய பத்தில் ஒன்றுகூட ஏறாது.